நாலு பேர் நேரத்தைக் கூட்டினால் தங்கம் வந்துவிடுமா?

ஒலிம்பிக்கோ உலக நீச்சல் சாம்பியன்ஷிப்போ நெருங்கினால் ரசிகர்களிடம் ஒரு கணக்கு கிளம்பிவிடும். ஒரு நாட்டின் முதல் நான்கு வீராங்கனைகளுடைய சிறந்த நேரங்களைக் கூட்ட வேண்டியது. யாருடைய கூட்டுத்தொகை குறைவோ, ரிலே தங்கம் அவர்களுக்கே என்று முடிவுகட்ட வேண்டியது. லாஸ் ஏஞ்சல்ஸ் 2028 வரும்போதும் இது வரும். கூடவே வேறு சில நம்பிக்கைகளும் வரும்.

நம்பிக்கை: காகிதத்தில் வேகமான அணிதான் தண்ணீரிலும் வேகமான அணி

2021 ஜூலை 29 காலை, டோக்கியோ ஒலிம்பிக். பெண்கள் 4×200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதி. உலக சாதனை ஆஸ்திரேலியாவிடம் இருந்தது: 2019இல் எடுத்த 7:41.50. முந்தைய நாள்தான் அந்நாட்டின் ஆரியார்ன் டிட்மஸ் 200 மீட்டரை 1:53.50இல் முடித்துத் தங்கம் வாங்கியிருந்தார். அதே பந்தயத்தில் சீனாவின் யாங் ஜுன்சுவான் 1:55.01, அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி 1:55.21. எந்தக் கணக்கில் போட்டாலும் ஆஸ்திரேலியாதான்.

ரிலேயில் முதலில் இறங்கிய டிட்மஸ் 1:54.51 எடுத்துக்கொண்டார். ஒரே நாளில் ஒரு விநாடி கூடிவிட்டது. 400 மீட்டர், 200 மீட்டர் என்று ஹீட்ஸ் எனும் தகுதிச் சுற்றிலிருந்து இறுதிவரை அத்தனையும் நீந்திய உடம்பு அது. முந்தைய நாள் அவருக்கு ஒன்றரை விநாடி பின்தங்கிய யாங் இப்போது 1:54.37இல் சுவரைத் தொட்டு முந்திவிட்டார். சீனாவின் மூன்றாவது ஆள் ஜாங் யுஃபெய் சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் 200 மீட்டர் பட்டர்பிளையில் தங்கம் வென்றிருந்தார். ரிலேயிலும் நீந்த வேண்டும் என்பதே அந்தப் பந்தயம் முடிந்த பிறகுதான் தெரியவந்தது என்று பின்னால் சொன்னார். கடைசியாகக் குதித்த லெடெக்கி 1:53.76இல் நீந்தி அமெரிக்காவை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். சீனா 7:40.33, அமெரிக்கா 7:40.73, ஆஸ்திரேலியா 7:41.29. வெண்கலம் வாங்கியவர்கள்கூட பழைய உலக சாதனையை உடைத்திருந்தார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒரு பெயர் உண்டு. முந்தைய நாள் ஹீட்ஸில் ஆஸ்திரேலியாவுக்காக முதலில் நீந்திய 17 வயது மாலி ஓ'கலகன் 1:55.11 எடுத்தார், அது இளையோர் உலக சாதனை. இறுதிக்கு அவரைச் சேர்க்கவில்லை, நான்கு பேரையும் மாற்றினார்கள். இறுதியில் டிட்மஸைத் தவிர மற்ற மூவரும் எடுத்த நேரம் 1:55.31, 1:55.62, 1:55.85. மூவருமே ஓ'கலகனைவிட மெதுவு, அதுவும் ரிலே மாற்றத்தின் சலுகை கிடைத்த பிறகும். கூட்டல் கணக்கைக் கேலி செய்துவிட்டு நானே கூட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: கடைசி நேரத்தின் இடத்தில் 1:55.11ஐப் போட்டால் ஆஸ்திரேலியா 7:40.55, வெள்ளி. மாற்றத்தில் கிடைக்கும் அரை விநாடியையும் கழித்தால் சீனாவையே தாண்டுகிறது. அனுபவத்துக்கு மரியாதை கொடுத்த தேர்வு அது. தவறான தேர்வு என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டே வருடத்தில், 2023இல் ஃபுகுவோகா உலக சாம்பியன்ஷிப்பில், ஓ'கலகன் 200 மீட்டரில் உலக சாதனையே படைத்தார்: 1:52.85.

நம்பிக்கை: ரிலேயில் எடுத்த நேரம்தான் அவருடைய உண்மையான வேகம்

அந்த 'சலுகை' என்ன? தனிநபர் போட்டியில் ஒலி கேட்டு, உடம்பு அதை உணர்ந்து, கால் மேடையை விட்டு எழும்ப 0.6, 0.7 விநாடி ஆகும். ரிலேயில் ஒலிக்குக் காத்திருக்க வேண்டாம். மேடையில் குனிந்து நிற்பவரின் கண் வந்துகொண்டிருப்பவரின் தலையிலும் கைவீச்சிலும் இருக்கும். அவர் சுவரை நோக்கிக் கடைசிக் கையை நீட்டும்போதே இவர் கைகளைச் சுழற்றி உடம்பை முன்னே சாய்த்துவிடுவார். கால்விரல் மட்டும் மேடையில் ஒட்டியிருந்தால் போதும். தொடுகைக்கும் கால் எழும்புவதற்கும் இடையே 0.1, 0.2 என்று கருவி காட்டினால் அருமையான மாற்றம். 0.03 விநாடிக்கு மேல் முந்திவிட்டால் அணியே தகுதியிழக்கும்.

டோக்கியோவில் ஆஸ்திரேலியாவின் கேட் கேம்பல் 100 மீட்டர் தனிநபர் வெண்கலத்தை 52.52இல் வென்றார். மெட்லி ரிலேயில் கடைசியாகக் குதித்து 52.11 எடுத்தார், ஆஸ்திரேலியா அமெரிக்காவை 0.13 விநாடியில் தோற்கடித்தது. 52.11ஐப் பார்த்து அவர் திடீரென்று வேகமாகிவிட்டார் என்று எழுதியவர்கள் உண்டு. வித்தியாசத்தில் பெரும்பகுதி மேடையிலேயே கிடைத்தது.

இதனால்தான் முதலில் நீந்துபவரின் நேரம் மட்டும் தனிநபர் சாதனையாக ஏற்கப்படுகிறது. 2019 குவாங்ஜு உலக சாம்பியன்ஷிப்பில் அமெரிக்காவின் 17 வயது ரீகன் ஸ்மித்துக்கு 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் தனிநபர் போட்டியில் இடமே இல்லை, 200 மீட்டருக்கு மட்டுமே தேர்வாகியிருந்தார். அதில் அவர் காட்டிய வேகத்தைப் பார்த்து மெட்லி ரிலே இறுதியில் முதல் ஆளாக இறக்கினார்கள். 57.57. நீந்தக் கிடைக்காத தூரத்தின் உலக சாதனை ரிலே வழியாக அவர் பெயரில் பதிவாயிற்று.

நம்பிக்கை: ஹீட்ஸில் நீந்துபவர்கள் சும்மா எண்ணிக்கைக்கு

ஹீட்ஸில் நீந்தியவருக்கும் அணி வென்ற பதக்கம் உண்டு. 2025இல் சிங்கப்பூர் உலக சாம்பியன்ஷிப்பில் 12 வயது யு ஸிடி 4×200 ஹீட்ஸில் சீனாவுக்கு நீந்தினார். இறுதியில் சீனா வெண்கலம் வாங்கியது, அவருக்கும் ஒன்று. குழந்தையைக் காட்சிக்கு வைத்தார்கள் என்று சொல்வோர், 200 மீட்டர் தனிநபர் மெட்லியில் அவர் வெண்கலத்தை 0.06 விநாடியில்தான் தவறவிட்டார் என்பதையும் பார்க்க வேண்டும். பெண்கள் நீச்சல் என்றாலே சிறுமிகளின் விளையாட்டு என்றும் இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. அதே சிங்கப்பூரில் 800 மீட்டர் தங்கம் 28 வயது லெடெக்கிக்கு.

நம்பிக்கை: ஒரு நட்சத்திரம் இருந்தால் போதும்

பாரிஸ் 2024இல் கனடாவின் சம்மர் மெகின்டோஷ், 17 வயதில், மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். பெண்கள் ரிலே மூன்றிலும் கனடாவுக்கு நான்காம் இடம். மறுபக்கம், 2025இல் டிட்மஸ் போட்டிகளிலிருந்து ஒதுங்கியிருந்தும் சிங்கப்பூரில் ஆஸ்திரேலியா 4×200 தங்கத்தை 7:39.35இல் வென்றது. பெண்கள் 200 மீட்டரில் அந்த நாட்டில் நான்காவது இடத்துக்கே அடிபிடி.

லாஸ் ஏஞ்சல்ஸில் மெகின்டோஷுக்கு வயது 21. கனடாவின் ரிலே வாய்ப்பு எப்படி என்று அப்போது யாராவது கேட்டால், அவருடைய நேரத்தை நான் பார்க்கப் போவதில்லை. தேர்வுப் போட்டியின் 200 மீட்டர் இறுதியில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவதாக வருகிறவர்கள் எத்தனையில் முடிக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன்.