பழைய பின் அச்சைத் தேர்ந்தெடுத்தலும் வலுப்படுத்துதலும்

செலண்டாரைச் சுற்றியுள்ள தோட்டப் பாதைகளின் இயல்பை அங்குள்ளோர் நன்கு அறிவர். வெயில் நாளில் கல்லைப் போல் இறுகிக் கிடக்கும் செம்மண், ஒரு மழை பெய்தவுடன் சவர்க்காரம் பூசியது போல் வழுக்கும். மண்ணியல் அறிஞர்கள் 'மலாக்கா வரிசை' என்று பெயரிட்டிருக்கும் மண் வகை, சரளைக் கற்கள் நிறைந்த செம்மண்ணாகும். இத்தகைய மேட்டில் பால் ஏற்றிய வண்டி ஏறும்போது சக்கரம் ஒரு கணம் வழுக்கிச் சுழல்கிறது. மறுகணம் சரளையைப் பற்றிக்கொள்கிறது. சுழன்றுகொண்டிருந்த வேகம் முழுவதும் திடீரெனத் தடைப்படும் அந்தக் கணத்தில்தான் பின் அச்சு முறிகிறது. வண்டி மேட்டை நோக்கி நிற்கையில் சுமையும் பின்புறம் சாய்ந்துவிடுவதால், முன் அச்சைவிடப் பின் அச்சே பெரிதும் பாதிக்கப்படுகிறது.

முறிந்த அச்சுக்குப் பதிலாகப் புதியது வாங்குதல் எல்லாருக்கும் இயலாது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் நல்ல அச்சு கிடைக்கக்கூடும். ஆயினும் எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியதில் எதைப் பலப்படுத்துவது என்று அறியாமல் இறங்கினால், செலவும் போய் உயிருக்கும் ஆபத்து நேரிடும்.

தோட்டங்களுக்கு நெடுநாள் பழக்கமான லேண்ட் ரோவரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1948-இல் முதன்முதலாக வெளிவந்த இவ்வண்டி, மலாயாவின் தோட்டங்களில் நிர்வாகிகளின் வாகனமாகவும், பின்னர் பட்டறை வாகனமாகவும் உழைத்தது. அதன் பழைய வகைகளில், 'ஹாஃப் ஷாப்ட்' எனப்படும் அரைத்தண்டு பின்புறத்தில் அடிக்கடி முறிவது உலகெங்கும் அறியப்பட்ட குறை. தண்டின் உள்முனையில் 10 பற்களே வெட்டப்பட்டிருந்தன. நெடுவழிப் பயணம் செய்வோர் மாற்றுத் தண்டு ஒன்றை வண்டியிலேயே வைத்திருப்பது வழக்கம். 1970-களில் நீளமான வகை வண்டிக்கு 24 பற்களுடைய, தடித்த தண்டு கொண்ட 'சாலிஸ்பரி' அச்சு பொருத்தப்பட்டது.

தண்டு ஏன் முறிகிறது என்பதைக் கணக்கால் காணலாம். முதல் கியர் ஏறத்தாழ 3.6 மடங்கும், தாழ்வேக கியர் 2.35 மடங்கும், பின் அச்சின் பற்சக்கரம் 4.7 மடங்கும் எஞ்சினின் முறுக்கு விசையைப் பெருக்குகின்றன. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 40 வரும். எஞ்சின் கொடுக்கும் ஒரு பங்கு முறுக்கு, சக்கரத்தை அடைவதற்குள் நாற்பது பங்காகிறது. ஈரத்துணியைப் பிழிவது போன்ற இந்த முறுக்கைத் தாங்குவதே அரைத்தண்டின் வேலை.

வண்டியின் எடையைத் தாங்குவது வேறொரு வேலை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனே அச்சு வேலையில் கை வைக்கலாம். சில அச்சுகளில் தண்டு முறுக்கை மட்டும் தாங்குகிறது. எடையை வெளிக்குழலின் மேலுள்ள ஹப் பேரிங்குகள் தாங்குகின்றன. சக்கரத்தின் நடுவில் சிறு போல்ட்டுகள் வட்டமாக முடுக்கிய மூடி துருத்திக்கொண்டிருந்தால் அது இவ்வகை. தண்டு முறிந்தாலும் சக்கரம் கழன்று போகாது. ஜாக்கி வைக்காமலேயே போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை உருவிவிடலாம். உள்ளே தங்கிய துண்டைக் காந்தம் கட்டிய கம்பியால் எடுத்துவிட்டு, முன்சக்கர இழுப்பில் மெதுவாக வீடு வந்து சேரலாம். துண்டை எடுக்காமல் ஓட்டினால் பற்சக்கரங்கள் அரைபட்டுவிடும். மற்றொரு வகையில் தண்டே முறுக்கையும் எடையையும் சேர்த்துச் சுமக்கிறது. சிறிய சுசுகி ஜீப்புகளும் ஹைலக்ஸ் போன்ற வண்டிகளும் இவ்வகையின. இதில் பேரிங்குக்கு வெளிப்புறம் தண்டு முறிந்தால் சக்கரமே கழன்றோடும். பின்னால் ஆட்களை ஏற்றிச் செல்லும் தோட்டத்து வண்டிக்கு முதல் வகையே தக்கது என்பது என் கருத்து.

கடையில் அச்சைப் பார்க்கும்போது, அதன் பற்சக்கர விகிதத்தை முதலில் கணக்கிடுக. நான்கு சக்கர இழுப்புள்ள வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதத்தில் இருத்தல் கட்டாயம். இல்லாவிடில் ஒன்று மற்றொன்றை இழுத்துக் கியர்ப் பெட்டியையே உடைத்துவிடும். ஒரு பக்க டிரம்மை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை 20 சுற்றுச் சுற்றுக. நடுவிலுள்ள உந்துதண்டுத் தட்டில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, அது எத்தனை முறை சுற்றுகிறதென எண்ணுக. 47 முறையென்றால் விகிதம் 4.7 ஆகும். பின்னர் எண்ணெயை வடித்துப் பார்க்கவேண்டும். மாவு போன்ற கரும்படிவு இயல்பானதே. செதில் செதிலாக இரும்பு வந்தால் அந்த அச்சை விட்டுவிடுக. எண்ணெய் ரப்பர்ப் பாலைப் போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. பேரிங்குகளில் துரு இருக்கும். திருட்டுப் பொருளாக இல்லாதிருக்க, விற்பவரிடம் ரசீது கேட்டு வாங்குவதும் அவசியம்.

குழல் வளைந்துள்ளதா என அறிய, இரு பக்கமும் சக்கரம் மாட்டி ரிம்களில் ஒவ்வோர் அடையாளம் இடுக. அடையாளங்கள் முன்பக்கம் இருக்கும்போது இடைத்தூரத்தை அளந்து, அரைச்சுற்றுச் சுற்றிப் பின்பக்கம் வந்ததும் மீண்டும் அளக்கவும். மேலும் கீழும் அவ்வாறே அளக்கவும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேறுபட்டாலும் குழல் வளைந்ததே. வளைந்த குழலில் எவ்வளவு விலையுயர்ந்த தண்டைப் போட்டாலும் பேரிங்கும் ஆயில் சீலும் நிலைக்கமாட்டா.

பட்டறைக்கு வந்தபின் பிரேக் பகுதியில் மிகுந்த எச்சரிக்கை தேவை. பழைய பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அத்தூசியைக் காற்றுக்குழலால் ஊதுவது நம் பட்டறைகளில் கண்ட பழக்கம். நுரையீரலில் புகுந்தால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கவல்லது. நீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துக.

டிபரன்சியலைப் பிரிக்கும்போது பேரிங் மூடிகளில் இடம், வலம் எனக் குறி அடித்துக்கொள்ளவேண்டும். அவை இடம் மாறலாகாது. கிரவுன் சக்கரமும் பினியனும் ஒரே ஜோடியாகச் செய்யப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றுதல் கூடாது. விரிசலைக் காண எளிய முறை உண்டு. பாகத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்கு துடைத்து, சுண்ணாம்புப் பூச்சுப் பூசிக் காயவிட்டால், விரிசலுக்குள் தங்கிய எண்ணெய் வெள்ளைப் பரப்பில் கோடாகக் கசியும்.

இனி வலுப்படுத்துதல். முறிந்த அரைத்தண்டை ஒட்டவைத்துப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடவே கூடாது. அது பதப்படுத்திய கலப்பு எஃகு. வெல்டிங் வெப்பத்தில் பதம் கெட்டு, ஒட்டுக்குப் பக்கத்திலேயே முறியும். பற்கள் சற்றே முறுக்கிக்கொண்ட தண்டையும் ஒதுக்கிவிடவேண்டும். தடித்த தண்டே சரியான வழி. முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் உயர்கிறது. விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் வலிமை மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் தண்டை மட்டும் பலமாக்கினால், அடுத்த முறை உடைவது கிரவுன் சக்கரத்தின் பல்லாக இருக்கும். தண்டை மாற்றச் சிறிது நேரம் போதும். பற்சக்கரத்தை மாற்ற அச்சு முழுவதையும் பிரிக்கவேண்டும். ஆகவே எஞ்சின், டயர் இரண்டும் பழைய அளவிலேயே இருந்தால், நல்ல நிலையிலுள்ள அசல் தண்டும் ஒரு மாற்றுத் தண்டும் போதுமென்பேன். பெரிய டயர் மாட்டுவோர் அச்சு முழுவதையும் பெரிதாக மாற்றுவதே முறை.

குழலின் கதை வேறு. காண்டாக் கம்பில் வாளிகளைச் சுமந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தோள் நடுவில் தாங்க, இரு முனைகளும் தாழும். கம்பின் மேற்புறம் இழுபடும். அச்சில் இது தலைகீழ். இரு முனைகளையும் சக்கரங்கள் தாங்க, எடை இடையில் அழுத்துவதால் கீழ்ப்புறம் இழுபட்டு விரிசல் அங்கேதான் தோன்றும். எனவே வலுச்சேர்க்கும் 6 மில்லிமீட்டர்த் தகட்டை, ஒரு ஸ்பிரிங் இருக்கையிலிருந்து மறு இருக்கை வரை கீழ்ப்புறத்தில் பொருத்துவது பயன்தரும். எண்ணெய் வடிக்கும் திருகுக்கு இடம் விடுக.

வெல்டிங்குக்கு முன் எண்ணெய், பேரிங், ஆயில் சீல் அனைத்தையும் அகற்றிக் குழலைக் கழுவி உலர்த்துதல் வேண்டும். எண்ணெய் ஆவி மூடிய குழலில் வெடிக்கக்கூடும். உலர்ந்த 7018 குச்சி ஏற்றது. ஒரே மூச்சில் நீளமாக ஓட்டாமல், விரற்கடை அளவு இங்கும் அங்குமாக மாற்றி மாற்றி வைத்து ஆறவிட்டால் குழல் வளையாது. பேரிங் இருக்கைகளுக்கிடையே நேரான கடைசல் தண்டு ஒன்றைச் செருகிவைத்து வேலை செய்வது மேலும் நன்று. சாலிஸ்பரி போன்றவற்றின் நடுப்பகுதி வார்ப்பிரும்பு. அதற்கு முன்சூடும் நிக்கல் குச்சியும், சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுதலும் தேவை. பழகாதவர் அதைத் தொடாதிருப்பது நலம். இத்தொழிலை முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்கள், செலண்டாரிலேயே உள்ள தொழிற்பயிற்சிக் கழகத்தில் வெல்டிங், வாகனப் பயிற்சிகள் பற்றி விசாரிக்கலாம்.

டிபரன்சியலின் பற்களையே வெல்டிங் செய்து, இரு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும்படி ஆக்குவோரும் உளர். சேற்றில் அது இழுக்கும். தார்ச்சாலையின் வளைவில் டயர் தேயும், தண்டு முறியும், வண்டி நேராகவே போகப் பார்க்கும். சாலையில் ஓடும் வண்டிக்கு இது ஆகாது. மேலும், அசல் அமைப்பை மாற்றும் எந்த வேலைக்கும் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெறவேண்டும். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுவது செலவை மிச்சப்படுத்தும்.

அச்சின் மேலுள்ள மூச்சுத் துளையைப் பலர் கவனிப்பதில்லை. ஓடிச் சூடேறிய அச்சு ஓடையில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை உறிஞ்சுகிறது. துளையில் ஒரு ரப்பர்க் குழாயை மாட்டிச் சட்டத்தின் உயரத்துக்குக் கொண்டுபோனால் இது நீங்கும். பின்னர் 90-எண் கியர் எண்ணெயை மட்டத் திருகு வரை ஊற்றுக. முதல் நாள் சுமையின்றிச் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஹப்புகளைக் கையால் தொட்டுப் பார்க்கவும். கை வைக்க முடியாத அளவு ஒன்று மட்டும் சுட்டால் அதன் பேரிங் இறுக்கமாக உள்ளது. சக்கர நட்டுகளை மீண்டும் முடுக்கி, வாரம் கழித்து எண்ணெயைத் திறந்து நிறம் பார்த்த பிறகே பால் பீப்பாய்களை ஏற்றலாம்.