ரூட்டாக நின்று நிறுவாதீர்கள்

மஜென்டோ இணையக் கடையைச் சர்வரில் நிறுவ உட்காரும்போது நான் முதலில் அடிக்கும் கட்டளை 'ஹூஆம்ஐ'. எந்தப் பயனராக உள்ளே இருக்கிறேன் என்பதற்கு ஒரே சொல்லில் பதில் வரும். எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' என்று வந்தால் மேற்கொண்டு போகமாட்டேன். கடைக்கென்று தனிப் பயனரை உருவாக்கி, அந்தப் பெயரில் மறுபடி நுழைந்த பிறகுதான் நிறுவலுக்கான கம்போசரைத் தொடுவேன்.

முன்பெல்லாம் பிரௌசரிலேயே படிவம் நிரப்பி நிறுவ முடியும். 2020 ஜூலையில் வந்த 2.4 பதிப்பில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இப்போது டெர்மினல்தான் வழி. அதில் பழக்கம் இல்லாதவர்கள் சர்வர் வாடகைக்குக் கிடைத்ததும் ரூட்டாகவே நுழைந்து, எங்கோ கிடைத்த கட்டளைகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போகிறார்கள். நிறுவலும் முடிந்துவிடும், கடையும் திறந்துவிடும். தொல்லை அப்புறம்தான் தலைகாட்டும்.

பழுதுபார்க்கச் சொல்லி என்னிடம் வரும் கடைகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. நிறுவிய கையோடு, வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரானையும் ரூட்டாகவே அமைத்திருப்பார்கள். க்ரான் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி, 'வார்' கோப்புறைக்குள் கேஷ், லாக் கோப்புகளை எழுதும். அவற்றுக்கு உரிமையாளர் ரூட். வாடிக்கையாளருக்குப் பக்கத்தை உருவாக்கித் தரும் பிஎச்பியோ, உபுன்டு சர்வரில் வழக்கமாக 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற வேறொரு பயனராக ஓடுகிறது. ரூட் உருவாக்கிய லாகில் அது ஒரு வரி எழுதப் போகும், 'பெர்மிஷன் டினைட்' என்று திரும்பி வரும், பக்கம் 500 பிழையோடு விழும். காலையில் ஓடிய கடை மதியம் நின்றுவிட்டது, யாரும் எதையும் தொடவில்லை என்று கடைக்காரர் சொல்வது முழு உண்மை. லாக் கோப்புறைக்குள் போய் 'எல்எஸ் மைனஸ் எல்' அடித்துப் பாருங்கள். ஒரு கோப்புக்கு நேரே டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, அதற்கு அடுத்ததற்கு நேரே ரூட் என்று இருக்கும்.

இந்த நேரத்தில் பலரும் கைவைப்பது 'சிஎச்மாட் 777'. தயவுசெய்து வேண்டாம். சர்வரில் உள்ள எந்தப் பயனரும் கடையின் எந்தக் கோப்பையும் மாற்றலாம் என்று எழுதிக் கொடுப்பது அது. பணம் செலுத்தும் பக்கத்தில் நாலு வரி ஜாவாஸ்கிரிப்டைச் செருகி, கார்டு எண்களைத் திருடும் கும்பல்கள் மஜென்டோ கடைகளைத் தேடித்தேடிக் குறிவைக்கின்றன. அவர்கள் ஒரு சிறு ஓட்டை வழியாக நுழைந்தாலும் எழுத இடம் கிடைக்கக் கூடாது. கடையின் மீதான நம்பிக்கை மட்டுமல்ல, முன்பின் அறியாத ஒருவரின் வங்கிக் கணக்கும் இதில் மாட்டியிருக்கிறது.

சரியான ஏற்பாடு ஒன்றும் கடினமில்லை. கோப்புகளுக்கு உரிமையாளர் கடைக்கான தனிப் பயனர், குழு டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. வார், ஜெனரேட்டட், வெண்டார், பப்/ஸ்டாட்டிக், பப்/மீடியா, ஆப்/ஈடிசி ஆகிய கோப்புறைகளுக்கு மட்டும் குழுவுக்கும் எழுதும் அனுமதி. அந்தக் கோப்புறைகளில் 'ஜி பிளஸ் எஸ்' போட்டுவிட்டால், பிறகு உருவாகும் கோப்புகளும் அதே குழுவில் சேரும். என்ஜின்எக்ஸ் பார்க்க வேண்டியது 'பப்' கோப்புறையை மட்டும். க்ரானும் தனிப் பயனரின் பெயரிலேயே இருக்கட்டும்.

அடுத்து நினைவகம். 2 ஜிபி ராமில் மரியாடிபி, ஓப்பன்சர்ச், பிஎச்பி மூன்றையும் திணித்தால், கம்போசர் ஓடும்போதோ கம்பைல் நடக்கும்போதோ திரையில் 'கில்ட்' என்ற ஒரே சொல்லோடு எல்லாம் நின்றுவிடும். லினக்ஸ் கர்னலே நினைவகம் போதாமல் அந்த வேலையைக் கொன்றிருக்கிறது. 'டிமெஸ்ஜி' கட்டளையை அடித்துப் பார்த்தால் காரணம் தெரியும். ஸ்வாப் கோப்பு சேர்த்தால் நிறுவலைத் தாண்டலாம், கடை நடத்த ராம்தான் வேண்டும். நீண்ட வேலைகளை டிமக்ஸுக்குள் ஓட விடுங்கள், நடுவில் இணைப்பு அறுந்தாலும் வேலை அறாது.

நிறுவும் கட்டளையைப் பொறுத்தவரை, 2.4 முதல் ஓப்பன்சர்ச் போன்ற தேடல் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது நகரும். கடை முகவரியின் கடைசியில் சாய்கோடு வேண்டும். நாணயத்தை ஐஎன்ஆர் என்று அப்போதே கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் அமெரிக்க டாலரில் கடை பிறக்கும், ஆர்டர்கள் சேர்ந்த பின் மாற்றுவது பெரும் வேதனை. கட்டளையில் எழுதும் டேட்டாபேஸ், அட்மின் கடவுச்சொற்கள் ஷெல்லின் ஹிஸ்டரியில் அப்படியே தங்கும். 'இன்டர்ஆக்டிவ்' தேர்வோடு ஓட்டினால் அது ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். முடிவில் பச்சையில் வரும் அட்மின் முகவரியைக் குறித்து வையுங்கள். தவறவிட்டால் 'இன்ஃபோ அட்மின்யுஆர்ஐ' கட்டளை மறுபடி சொல்லும்.

முதல்முறை அட்மினில் நுழையும்போது இரட்டைச் சரிபார்ப்புக்கான இணைப்பு மின்னஞ்சலில்தான் வரும். சர்வரிலிருந்து மின்னஞ்சல் போகாவிட்டால் நீங்கள் வாசலிலேயே நிற்பீர்கள். அவசரத்தில் அந்த மாட்யூலையே அணைத்துவிட்டு, மறுபடி போடாமல் விட்ட கடைகள் நிறைய. மின்னஞ்சலை முதலில் சரிசெய்யுங்கள். அதற்கு நேரமில்லை என்றால், கூகுள் ஆத்தென்டிகேட்டருக்கான ரகசியக் குறியீட்டை டெர்மினலிலிருந்தே பதியவும் கட்டளை இருக்கிறது.

ஆப்/ஈடிசி கோப்புறையில் உள்ள 'என்வி.பிஎச்பி'யின் நகலைச் சர்வருக்கு வெளியே, பாதுகாப்பான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடையின் மறையாக்கச் சாவி அதில்தான் இருக்கிறது. டேட்டாபேஸ் பேக்கப் முழுதாகக் கையில் இருந்தாலும், அந்தச் சாவி இல்லாமல் பேமென்ட் கேட்வே ரகசியங்கள் போன்ற மறையாக்கிய தகவல்களைத் திறக்க முடியாது. கடையை ஒப்படைக்கும் நாளில் இந்தக் கோப்பைக் கடைக்காரரிடம் நேரில் கொடுத்து, எங்கே வைக்கப்போகிறார் என்று கேட்டுக்கொள்வது என் வழக்கம்.