குரல் போனால் வேலையும் போக வேண்டுமா?

கேள்வி: என் கணவர் போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரக் கம்பெனியில் பல வருடங்களாகக் கணக்கர். தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கணக்கு வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால், ‘போன் எடுத்துப் பேசத்தானே ஆள் வேண்டும், நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடு’ என்கிறார் மேனேஜர். அங்கே 30 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். சட்டத்தில் வழி உண்டா?
– ஒரு வாசகி, சின்னமனூர்

பதில்: உண்டு. அதற்கு முன்னால் ஒன்று: அந்த ராஜினாமாக் கடிதத்தில் வாசகியின் கணவர் கையெழுத்துப் போடவே கூடாது. ‘சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிப்பது பெரும்பாடு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணையில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒரு வகை. குரல்வளை அகற்றப்பட்டவர்களையும், பக்கவாதம் போன்றவற்றால் பேச்சிழந்தவர்களையும் அந்த அட்டவணை பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆக, இவர் மாற்றுத்திறனாளியா என்ற வாதத்துக்கே இடமில்லை, சான்றிதழ்தான் பாக்கி. யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, அறுவைச் சிகிச்சை ஆவணங்களோடு கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதனைக்குப் போகலாம்.

இனி கம்பெனியின் கடமை. அரசு அலுவலகம் என்றால் பதில் மிகச் சுலபம். பணியில் இருக்கும்போது உடல்குறை வந்தவரை வேலையை விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்கிறது 20-வது பிரிவு. தனியார் கம்பெனிக்கு அந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாது. இதை மறைத்து நம்பிக்கை கொடுப்பது வாசகிக்குச் செய்கிற துரோகம்.

ஆனாலும் தனியார் முதலாளி தப்பிவிட முடியாது. உடல்குறையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதை 3-வது பிரிவு தடுக்கிறது. ‘பாகுபாடு’ என்பதற்குள், நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதும் அடங்கும் என்று சட்டமே விளக்கம் தருகிறது. முதலாளி மீது அளவுக்கு மீறிய சுமை ஏறாமல், வேலையைச் செய்வதற்குத் தேவையான மாற்றங்களைச் செய்து கொடுப்பதுதான் நியாயமான வசதி. தவிர, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன வசதி, என்ன உபகரணம், பொறுப்பு அதிகாரி யார் என்றெல்லாம் சொல்லும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். இந்தக் கம்பெனி பதிவு செய்திருக்கிறதா என்பதை, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஆணையர் அலுவலகத்தில் கேட்டுவிடலாம். ‘பதிவு இல்லை’ என்று பதில் வந்தால் அதுவே நல்ல ஆயுதம்.

பேச வராது என்றாலே வேலைக்கு ஆகாது என்ற மேனேஜரின் கணக்கை உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே தள்ளிவிட்டது. மகாராஷ்டிர மாணவர் ஓம்கார் கோண்டுக்குப் பேச்சுக் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லி எம்.பி.பி.எஸ். இடத்தை மறுத்தார்கள். சதவீதத்தை மட்டும் பார்த்து ஒதுக்கக் கூடாது, அவரால் படிப்பை முடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். டெல்லி மவுலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் குழு பரிசோதித்து, முடியும் என்றது, இடம் கிடைத்தது. விரிவான தீர்ப்பு 2024 அக்டோபர் 15-ல் வந்தது. அதற்கு முன்பே 2021-ல், விகாஸ் குமார் வழக்கில், 40 சதவீதக் குறைபாடு இருந்தால்தான் நியாயமான வசதி என்ற வாதமும் அடிபட்டுவிட்டது. 2023-ல் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்திலேயே வாதாடினார். வாதமே தொழிலாக இருக்கும் இடத்தில் முடிகிறது என்றால், கணக்குப் பேரேட்டுக்கு முன்னால் முடியாதா?

வழக்கை வெல்ல வைப்பது தீர்ப்புகளைவிட, கேட்கிற விதம்தான். ‘உதவி செய்யுங்கள் ஐயா’ என்று பொதுவாகக் கேட்டால், ‘பார்க்கலாம்’ என்று பொதுவாகப் பதில் வரும். ஏலக்காய் வியாபாரத்தில் போன் எதற்கெல்லாம் அடிக்கிறது என்று உட்கார்ந்து பிரித்து எழுத வேண்டும். போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கும் நாளில் வந்த லாட், விற்ற விலை, தர வேண்டிய பாக்கி என எல்லாம் எண்கள். வண்டன்மேட்டிலும் குமுளியிலும் இருக்கும் தோட்டக்காரருக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்திலேயே சாட்சியும் இருக்கும்; வாயால் சொன்ன விலைக்கு வருகிற தகராறு வராது. பேசியே தீர வேண்டிய அழைப்புகளை உடன் வேலை பார்ப்பவர் எடுக்க, அவருடைய பில் வேலையில் ஒரு பங்கை இவர் ஏற்கலாம். தொண்டையில் வைத்துப் பேசும் மின்கருவி வைத்திருந்தால், சத்தமில்லாத மூலையில் மேஜை கேட்கலாம். பேச்சுப் பயிற்சிக்குப் போகிற நாளில் ஒரு மணி நேர அனுமதியும் கேட்கலாம். இதில் எதற்கும் கம்பெனிக்குப் பெரிய செலவில்லை. அதனால்தான் ‘சுமை’ என்று சொல்லி மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

இந்தப் பட்டியலைத் தேதியிட்டு, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, தேனி ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனுக் கொடுத்து, சென்னையிலுள்ள மாநில ஆணையருக்கும் புகார் அனுப்பலாம். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்து மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம். நாலு பேர் பார்க்க, அவமானப்படுத்தும் எண்ணத்தோடு ‘ஊமை’ என்று கேலி செய்திருந்தால் அது தனிக் குற்றம். 92-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.

அதற்குள் வேலையை விட்டு நிறுத்திவிட்டால்? 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவு கைகொடுக்கும். 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நீக்க முடியாது. தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், ஆனால் காலக்கெடு குறுகியது. உத்தரவு கைக்கு வந்த வாரமே வக்கீலைப் பார்த்துவிட வேண்டும். வக்கீல் கட்டணத்துக்குத் தயங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு வாசகியே கணவர் சார்பில் பேசலாம், அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். போகும்போது சம்பளச் சீட்டுகள், மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், தபால் போய்ச் சேர்ந்ததற்கான சான்று மூன்றையும் எடுத்துப் போக வேண்டும்.