குடும்பத்தோடு கார் விபத்து: முதல் நாளில் எழுதப்படும் வரிகள்

கார் விபத்தில் குடும்பமே உயிர் பிழைத்தது என்றால் பாதிக் கண்டம் தாண்டியாயிற்று. மீதிப் பாதி காகிதத்தில் இருக்கிறது. விபத்து நடந்த அன்றே உங்களைப் பற்றி மூன்று இடங்களில் எழுதுகிறார்கள்: ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு, காவல் நிலையத்தின் எஃப்.ஐ.ஆர்., இன்சூரன்ஸ் கம்பெனியின் க்ளெய்ம் பதிவு. இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் இழப்பீடு வருவது கஷ்டம். ஆனால் அந்த வரிகள் எழுதப்படும் நேரத்தில் நம்மில் யாருக்கும் நிதானம் இருப்பதில்லை. அதனால்தான் இதை இன்று, வீட்டில் உட்கார்ந்து படிக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டே போவோம். சென்னையில் வசிக்கும் ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா ஆகியோருடன் மதுரைக்குப் போகிறார். கார் அண்ணன் பேரில் இருக்கிறது, ஓட்டுவது தம்பி. உளுந்தூர்பேட்டை அருகே பின்னால் வந்த லாரி இடித்து, கார் தடுப்பில் மோதி நிற்கிறது. அண்ணன் கார், தம்பி கையில் என்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். ஆனால் பின்னால் பாருங்கள், இந்த ஒரு விவரம் எவ்வளவு தூரம் போகிறது என்று.

சாலையோரத்தில்

ஏர்பேக் விரிந்தால் காருக்குள் வெள்ளைப் பொடி பறக்கும். பலர் அதைப் புகை என்று நினைத்துப் பதறுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது பெட்ரோல் வாசனைக்கும், பின்னால் வேகமாக வரும் அடுத்த வண்டிக்கும்தான். இன்ஜினை அணைத்து, ஹசார்டு விளக்கைப் போடுங்கள். நடக்க முடிந்தவர்களை இடது பக்கமாக இறக்கி, சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். காரைச் சுற்றி நின்று பேசவே கூடாது. கழுத்து, முதுகு வலிக்கிறது என்பவரை, தீயோ வேறு உடனடி ஆபத்தோ இல்லாதபோது ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காதீர்கள்.

ஆம்புலன்ஸுக்கு 108. போலீஸ் உட்பட எல்லா அவசரத்துக்கும் 112. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும் அடிக்கலாம். சுங்கச்சாவடிப் பக்கம் நிற்கும் ஆம்புலன்ஸும் கிரேனும் அந்த வழியாக வரும். இடம் சொல்லத் தெரியவில்லை என்றால் பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணைச் சொல்லுங்கள்.

பிறகு போன். காயம்படாத ஒருவர், பெரிய பிள்ளையாக இருந்தால்கூடப் போதும், ஒரே வீடியோவாக எடுக்கட்டும். இரண்டு வண்டிகளும் நிற்கும் நிலை, நம்பர் பிளேட், டயர் தேய்ந்த தடம், கிலோமீட்டர் கல், பக்கத்துக் கடைப் பெயர்ப் பலகை எல்லாம் அதில் வர வேண்டும். லாரியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிடாதீர்கள். கடையில் சிசிடிவி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பல கேமராக்களில் பழைய பதிவு சில நாட்களிலேயே தானாக அழிந்துவிடும். அதனால் புகாரிலேயே 'அந்தப் பதிவைக் கைப்பற்ற வேண்டுகிறேன்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். எடுத்த வீடியோவைச் சொந்தக்காரர் குரூப்பில் போடுவது மட்டும் வேண்டாம். ஊரில் இருக்கும் வயதானவர்கள் அதைப் பார்த்துப் படுத்துவிடுவார்கள்.

உதவிக்கு ஓடிவந்தவரிடம் போன் நம்பர் கேட்கலாம், வற்புறுத்தக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லும்படியோ சாட்சியாக வரும்படியோ போலீஸும் ஆஸ்பத்திரியும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஆஸ்பத்திரியில் 'ஏ.ஆர். போடுறது'

முதலில் பணக் கவலையை ஓரம் வையுங்கள். 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுக்குள் சாலை விபத்தில் சிக்கும் யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்தவர் என்ற கேள்வியே கிடையாது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். ஒன்றிய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டத்தை அறிவித்தது: அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில், விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை ரொக்கமில்லாச் சிகிச்சை. "அட்வான்ஸ் கட்டுங்க" என்று யாராவது சொன்னால், இந்தத் திட்டங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது அந்தப் பதிவேடு. விபத்தில் வந்தவரைப் பார்க்கும் பணி மருத்துவர், 'எப்படி அடிபட்டது?' என்று கேட்டு எழுதுவார். இதைத்தான் ஏ.ஆர். போடுவது என்கிறார்கள். எந்த நேரம், எந்த இடம், எந்த வாகனம், யார் கூட்டி வந்தார் என்பது அதில் வரும். பல வழக்குகள் கெடுவது இந்த இடத்தில்தான். வலியில் இருக்கும் மனிதர் "கார் மோதிடுச்சு" என்கிறார். லாரி என்ற சொல்லே பதிவில் இல்லாமல் போகிறது. "யார் ஓட்டினாங்க?" என்றால், லைசென்ஸ் கையில் இல்லாத பயத்தில் வேறு ஒருவர் பெயர் சொல்லப்படுகிறது. நாலு மாதம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்துக் காட்டும் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

அதனால் கூட இருப்பவர் ஒரே வாக்கியத்தைத் தெளிவாகச் சொல்லப் பழக வேண்டும்: "காரில் போய்க்கொண்டிருந்தோம், இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், பின்னால் வந்த லாரி இடித்தது, ஓட்டியவர் இவர்." லாரி நம்பர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். காரில் இருந்த ஐந்து பேருக்கும் தனித்தனியாகப் பதிவு போடச் சொல்லுங்கள். "எனக்கு ஒண்ணுமில்ல, பிள்ளைங்களைப் பாருங்க" என்று அம்மா சொல்வார். அவருக்கும் போடுங்கள். சீட் பெல்ட் அழுத்திய வயிற்று வலியும், தலையில் பட்ட அடியும் சில மணி நேரம் கழித்தே வெளியே தெரியலாம். வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், காதில் மூக்கில் நீர் வடிதல், குழறும் பேச்சு, இவற்றில் எது வந்தாலும் திரும்ப ஓட வேண்டியதுதான். அன்றைக்குப் பதிவே இல்லாதவர் மூன்றாம் நாள் வந்து, இது அதே விபத்தில் பட்ட அடி என்று காட்டுவது சிரமம்.

ஏ.ஆர். எண்ணைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு மாற்றிக் கொண்டுபோனால், முதல் ஆஸ்பத்திரியின் பரிந்துரைச் சீட்டைப் புதிய ஆஸ்பத்திரியில் காட்டி, பழைய பதிவின் எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

"பேசி முடிச்சிக்கலாம் சார்"

சம்பவ இடத்திலோ ஆஸ்பத்திரி வாசலிலோ இந்தக் குரல் கட்டாயம் கேட்கும். வண்டிக்காரர் தரப்பில் ஒருவர் வந்து, பத்தாயிரமோ இருபதாயிரமோ தருகிறேன், கேஸ் வேண்டாம் என்பார். வெறும் பம்பர் நசுங்கியதோடு போனது என்றால் அது உங்கள் விருப்பம். ஆனால் ஒருவருக்காவது ரத்தக் காயமோ எலும்பு முறிவோ இருந்தால், எழுதிக் கொடுத்துப் பணம் வாங்காதீர்கள். கால் எலும்புக்குள் கம்பி வைக்க ஆகும் செலவு அந்த வாசலில் யாருக்கும் தெரியாது.

அதே வாசலில் இன்னொருவரும் வருவார். வெற்று வக்காலத்தில் கையெழுத்துக் கேட்பார், வருவதில் இவ்வளவு சதவீதம் என்பார். அவரிடம் கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. இலவசச் சட்ட உதவிக்கு 15100. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகமும் உண்டு.

காவல் நிலையம்

அடிபட்டவரே போய்ப் புகார் தர வேண்டும் என்று இல்லை. விவரம் தெரிந்த எவரும் தரலாம். நம் உதாரணத்தில் விபத்து நடந்த இடத்துக் காவல் நிலையம்தான் விசாரிக்கும். ஆனாலும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவின்படி எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு முறையில் தந்தால் 3 நாட்களுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பினால், எஃப்.ஐ.ஆர். எப்போது என்று கேளுங்கள். இழப்பீட்டு வழக்குக்கு அதுதான் வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கை. இந்த விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும்படி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு அவரது உரிமைகளைச் சொல்லும் படிவம் 2-ஐ 10 நாட்களுக்குள் தர வேண்டும். தரவில்லையா, பணிவாக, எழுத்தில் கேளுங்கள்.

எஃப்.ஐ.ஆர்., வரைபடம், வாகன ஆய்வு அறிக்கை முதலிய விபத்து வழக்கு ஆவணங்களைத் தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். இதற்காக மறுபடி உளுந்தூர்பேட்டைக்குப் பஸ் ஏற வேண்டாம்.

வண்டியைப் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று நாம் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்க வேண்டும். அவரும் இன்சூரன்ஸ் சர்வேயரும் பார்ப்பதற்கு முன் ஒர்க்‌ஷாப்பில் கழற்ற விடாதீர்கள். சம்பிரதாயங்கள் முடிந்தபின் 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டத்தின் 136-ஆம் பிரிவு சொல்கிறது.

காருக்குள் இருந்தவர்களுக்கு யார் பொறுப்பு?

லாரி மேல் தவறு என்றால் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி எல்லோருக்கும் பதில் சொல்லும். சிக்கல் எப்போது வரும் என்றால், தவறு நம் காரின் பக்கம் என்று முடிவாகும்போது. தம்பி தூங்கிவிட்டார், தடுப்பில் மோதினார் என்று வையுங்கள்.

உங்கள் பாலிசி வெறும் மூன்றாம் நபர் பாலிசியா, பேக்கேஜ் பாலிசியா? முதல் வகை தனியார் காருக்குள் பயணிப்பவர்களைக் காக்காது. இரண்டாவது வகை காக்கும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கை விட்டது. 2012-ல் உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டை உறுதி செய்தது. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புதுக் கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 வருடத்துக்குச் சேர்ந்தே வருகிறது, சொந்தச் சேதக் காப்பீடு பெரும்பாலும் ஒரே வருடத்துக்கு. இரண்டாம் வருடம் அதைப் புதுப்பிக்காமல் விட்டவர், செயலியில் 'இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளது' என்று பார்த்து நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பார். காருக்குள் இருக்கும் அவர் பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் இல்லை. இப்படி ஒரு வழக்கைப் பார்த்த சென்னை உயர் நீதிமன்றம், 2021 ஆகஸ்டில் புதுக் கார்களுக்கு 5 வருட முழுக் காப்பீட்டைக் கட்டாயமாக்கி உத்தரவிட்டது. நடைமுறைச் சிக்கல்களால் அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றது. ஆக, பொறுப்பு மறுபடி நம் கையில்.

அடுத்தது அண்ணன் கார். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயர் உள்ளவர், செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டினால்தான். தம்பிக்கு அது வராது. அவர் கடன் வாங்கிய காரின் உரிமையாளர் இடத்தில் நிற்கிறார் என்பதால், தன் தவறில் பட்ட அடிக்கு அந்தக் காரின் கம்பெனியிடம் மூன்றாம் நபராகவும் கேட்க முடியாது. 'பெயர் குறிப்பிடாத பயணிகள்', 'கூலி ஓட்டுநர்' என்று பாலிசியில் சிறு தொகைக்குச் சேர்க்கும் பிரிவுகள் உண்டு. அண்ணன் தம்பிக்குள் கார் கைமாறும் வீடுகளில், தம்பி தன் பேரில் தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுத்துவிடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

தீர்ப்பாயம்

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, நீங்கள் வசிக்கும் ஊரிலும் போடலாம். விபத்து நாளிலிருந்து 6 மாதம் என்று 166-ஆம் பிரிவு சொல்கிறது. 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று அந்தக் கெடுவைத் தாண்ட விடாதீர்கள். யார் தவறு என்று நிரூபிக்காமலே 164-ஆம் பிரிவில் இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கேட்கலாம். ஆனால் அதை வாங்கிக்கொண்டால் 166-ல் பெரிய தொகை கேட்கும் வழி அடைபடும். இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் ஓடிவிட்டால், இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. இதற்குக் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

மனைவி வேலைக்குப் போகவில்லை என்பதற்காக 'வருமானம் இல்லை' என்று எழுத விடாதீர்கள். வீட்டு வேலைக்கும் மதிப்புப் போட்டே இழப்பீடு கணக்கிட வேண்டும் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மருந்துச் சீட்டு, ஸ்கேன், ஆட்டோ வாடகை, துணைக்கு இருந்தவர் இழந்த சம்பளம், எல்லா ரசீதையும் அன்றன்றே படம் எடுத்துத் தேதி போட்டு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். அசலைக் கேட்பார்கள், அதையும் பத்திரமாக.

வீடு திரும்பிய பிறகு

காயம் ஆறியதும் ஒரு பிள்ளை காரில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஹாரன் சத்தத்துக்கு அழும், ராத்திரி எழுந்து உட்காரும். ஓட்டியவருக்கோ 'என்னால்தானே' என்ற எண்ணம் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். வீட்டில் பெரியவர்கள் இதற்குத் திருஷ்டி சுற்றிப் போடுவார்கள், போடட்டும். ஒரு மாதத்துக்குப் பிறகும் தூக்கமும் படிப்பும் வேலையும் கெட்டுக்கொண்டிருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 104-லும் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். இந்த ஆலோசனைச் சீட்டுகளும் அதே ஃபோல்டரில் இருக்கட்டும்; தீர்ப்பாயத்தில் மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்கும்போது இவையும் உதவும்.