லேப்டாப் இரைகிறதா? பின்மூடியைத் திறங்கள்

கத்திரி வெயிலில் லேப்டாப் சூடானால் பழியை வெயில் மேல் போடலாம். மார்கழியிலும் ஃபேன் ஓயாமல் இரைந்தால், உள்ளே தூசி அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஃபேன் வேகமாக ஓடும்போது, சூடான காற்று வெளியேறும் துவாரத்தின் முன்னால் உள்ளங்கையை வையுங்கள். சத்தம் பலமாக இருந்தும் காற்று லேசாகத்தான் படுகிறது என்றால் வழி அடைபட்டிருக்கிறது.

பிராசஸரின் சூட்டைச் செம்புக் குழாய் ஓரத்துக்குக் கொண்டுபோகும். அங்கே நெருக்கமாக நிற்கும் மெல்லிய உலோகத் தகடுகளின் இடையே ஃபேன் காற்றை ஊதும். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவேதான் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிகிறது. சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வீடியோ காலில் படம் திக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். சூடு அதற்கும் அடங்காவிட்டால் லேப்டாப் அணைந்துவிடும்.

புதுச்சேரியில் இதோடு உப்புக் காற்றும் சேர்கிறது. பீச் ரோட்டை ஒட்டிய தெருக்களில் ஜன்னலைத் திறந்துவைத்து வேலை பார்ப்பவர்கள் கவனியுங்கள். காய்ந்த தூசி ஊதினால் பறக்கும். உப்பும் ஈரமும் ஏறிய தூசி தகட்டில் அப்பிக்கொள்ளும். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளேயே வேறிடத்தில் போய் உட்காரும். மூடியைத் திறந்து எடுப்பதுதான் சரி.

செய்யும் முறை

வாரண்டி இருந்தால் திறக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்லீப்பில் போடாமல் முழுதாக ஷட்டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, ஆறவிடுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பாகத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் டேப் போட்டு ஒட்டிவையுங்கள். மூடியை நெம்பப் பழைய ஏடிஎம் கார்டு போதும், கத்தி வேண்டாம்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. பேட்டரி உப்பியிருந்தால் எதையும் தொடாமல் நேரே சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஃபேன் இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மெல்லிய பெயிண்ட் பிரஷால் துடையுங்கள். ஊதும் காற்றில் ஃபேன் கண்டபடி சுழன்றால் பேரிங் கெட்டுவிடும். பிறகு ஃபேனின் ஸ்க்ரூக்களைக் கழற்றி லேசாகத் தூக்கினால், தகடுகளை ஒட்டிய தூசிப் படலம் தெரியும். அதை ட்வீசரால் ஓர் ஓரத்தில் பிடித்து மெதுவாக உரித்தெடுங்கள். மிச்சத்தை கேமரா துடைக்கும் ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். பிசுக்கு இருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காதுக்குச்சி போதும். நன்றாக உலர்ந்த பிறகே மூடவேண்டும்.

செய்யக் கூடாதவை

வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். வீட்டு வாக்யூம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், அதன் முனையில் சேரும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கலாம். ஃபேன் கீச்சிடுகிறதே என்று தையல் மிஷின் எண்ணெய் விட்டால், அடுத்து வரும் தூசியெல்லாம் அதில் ஒட்டும். பேரிங் தேய்ந்த ஃபேனை மாற்றுவதுதான் வழி.

கடலோரத் தெருக்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், லாஸ்பேட்டை, வில்லியனூர் போல உள்தள்ளிய பகுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறையும் திறந்து பார்த்தால் நல்லது. நாள் மறந்துபோகும் என்பவர்கள் ஆயுத பூஜையை வைத்துக்கொள்ளலாம். சந்தனம், குங்குமம் வைப்பதற்கு முன் தூசி எடுங்கள். காற்றுத் துவாரத்தின் மேல் மட்டும் பொட்டு வேண்டாம்.

தூசி எடுத்த பிறகும் சூடு குறையவில்லையா? பிராசஸர் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அதைப் பழகாத கையால் தொட வேண்டாம். சர்வீஸ் கடையில் கொடுத்து, "தூசி எடுத்தாச்சு, பேஸ்ட் மட்டும் மாத்திக் கொடுங்க" என்று சொல்லுங்கள்.