தடாவில் டீசல் காருக்கு விளக்கு எரிந்தால்: நிறுத்துவதா, ஓட்டுவதா, விற்பதா?

ஆந்திர எல்லை ஊரான தடாவில் டீசல் கார் வைத்திருப்பவருக்கு ஊர் அமைந்த இடமே ஒரு சிக்கல். தெற்கே ஆரம்பாக்கம் வந்தால் தமிழ்நாடு. சென்னை சுமார் 80 கிலோமீட்டர். மேற்கே ஸ்ரீகாளஹஸ்தி வழியாகப் போனால் திருப்பதி. வடக்கே சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை. டாஷ்போர்டில் விளக்கு எரிந்ததும் ‘வண்டியை எங்கே விடலாம்?’ என்று கேட்டால் திசைக்கு ஒரு பதில் வரும். பக்கத்து ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுஸு நிறுவனம் டீசல் பிக்கப் வண்டிகளைத் தயாரிக்கிறது. அதற்காகத் தொழிற்சாலை வாசலில் யாரும் நம் வண்டிக்கு ஸ்கேன் போட்டுத் தரப்போவதில்லை.

டீசல் காரில் பணம் அதிகம் கரைவது, கோளாறு எதுவென்று பார்க்காமலே பாகத்தை மாற்றும்போதுதான். கீழே சொல்லும் ஒவ்வொரு தேர்வுக்கும் அந்தக் கணக்கே அடிப்படை.

முதல் தேர்வு: நிறுத்துவதா, ஓட்டுவதா?

சிவப்பு என்றால் நிறுத்துங்கள். ஆயில் கேன் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஆயில் அழுத்தம் இல்லை என்று பொருள். அடுத்த பங்க் வரை போகலாம் என்று ஓட்டினால் பேரிங், கிராங்க், டர்போ மூன்றும் போகலாம். வெப்பமானி விளக்கும் அப்படித்தான்: ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள், சூடு ஆறும் வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். பேட்டரி விளக்கு சிவப்பாக வந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. பெல்ட் அறுந்திருந்தால் சில கார்களில் வாட்டர் பம்பும் அதோடு நின்றுவிடும். ஆகவே வெப்ப முள்ளையும் பாருங்கள்.

தேசிய நெடுஞ்சாலை 16-இல் வண்டி நின்றுவிட்டால் 1033-ஐ அழையுங்கள். இது நெடுஞ்சாலை ஆணையத்தின் 24 மணி நேர உதவி எண். ரோந்து வண்டியோ கிரேனோ வந்து பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்தும். அங்கிருந்து ஒர்க்‌ஷாப் வரை இழுத்துப்போக இன்ஷூரன்ஸில் ‘ரோடு சைடு அசிஸ்டன்ஸ்’ சேர்த்திருக்கிறதா என்று இப்போதே பாலிசியை எடுத்துப் பாருங்கள். இழுவைக் கூலி எவ்வளவு ஆனாலும் இன்ஜின் இறக்கி ஏற்றும் செலவுக்கு முன்னால் அது சில்லறை.

மஞ்சள் என்றால் அவகாசம் உண்டு, அதிலும் வித்தியாசம் உண்டு. செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்து வண்டி வழக்கம்போல ஓடினால், மெதுவாக வீட்டுக்குப் போய் ஒரு வாரத்துக்குள் ஸ்கேன் போடலாம். விளக்கு மினுக்கினாலோ, பிக்கப் செத்து 2,500 ஆர்.பி.எம்.முக்கு மேல் ஏறாமல் போனாலோ, கரும்புகை தள்ளினாலோ நெடுந்தூரம் போகாதீர்கள். சுருள் வடிவ ஹீட்டர் பிளக் விளக்கு காலையில் சில நொடி எரிந்து அணைவது இயல்பு. ஓடும்போது மினுக்கினால் பல கார்களில் அது பொதுவான இன்ஜின் கோளாறுக்கான அறிவிப்பு.

டீசலில் தண்ணீர் கலந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தால் இன்ஜினை அணைத்து, ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீர் உள்ளே போனால் பம்பும் இன்ஜெக்டரும் கெடும். தமிழ்நாட்டில் டீசல் விலை குறைவு என்பதால் எல்லை தாண்டிப் போய் நிரப்புவது இந்தப் பக்கத்து வழக்கம். எங்கே போட்டாலும் கூட்டம் வரும் பங்க்கில் போடுங்கள், பில்லை வைத்திருங்கள்.

டிபிஎஃப் விளக்கு: ஒர்க்‌ஷாப்பா, நெடுஞ்சாலையா?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 கட்டாயமானபின் வந்த டீசல் கார்களில் புகையின் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை சுமார் 600 டிகிரி சூட்டில் அதுவே எரித்துக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து ஸ்ரீசிட்டி கேட் வரை, பிறகு கடைத்தெரு, திரும்ப வீடு என்று ஓடும் காரில் அந்தச் சூடு வராது. விளக்கு மட்டும் எரிந்தால், செலவில்லாத முதல் வைத்தியம் நெடுஞ்சாலைதான். 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல், ஒரு கியர் கீழே வைத்து 15 முதல் 20 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும்.

அணையாவிட்டாலோ, கூடவே செக் இன்ஜின் எரிந்தாலோ இனி ஓட்டிப் பயனில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மூலம் கட்டாயமாக எரிக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஆயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். பாதியில் நின்றுபோன எரிப்புகளால் டீசல் ஆயிலில் கலந்து மட்டம் ஏறியிருக்கலாம். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.

புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்ப்ளூ திரவம் போடும் கார்களில் இன்னும் இத்தனை கிலோமீட்டர் என்று எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். பூஜ்யமானபின் வண்டியை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. இங்கே ஒர்க்‌ஷாப் தேவையில்லை, நேரத்துக்கு ஊற்றினால் போதும்.

யாரிடம் விடுவது?

வாரன்டி இருக்கும் வரை கம்பெனி சர்வீஸ். தூரம், காத்திருப்பு எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், பணம் கம்பெனியுடையது. வாரன்டி காலத்தில் வெளியே ஆயில் மாற்றினாலே வாரன்டி போச்சு என்று பயமுறுத்துவார்கள். ஆனால் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்குகளுக்கு ஸ்பேர் பாகங்களும் பழுதறியும் கருவிகளும் கிடைக்க வேண்டும், வெளியே வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரன்டியை முழுவதும் ரத்து செய்யக் கூடாது என்பதும் அந்த உத்தரவில் உண்டு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. எனவே சட்டத்தை நம்பிச் சண்டைக்குப் போவதைவிட வாரன்டி புத்தகத்தை வாசித்து, பில்களைச் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம்.

வாரன்டி முடிந்தபின் கணக்கு மாறுகிறது. பொதுவான வேலைக்கு நல்ல மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப் போதும். இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப் என்று பேச்சு வந்தால் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் டீசல் பம்ப் கடைக்குப் போங்கள். ஊர் மெக்கானிக் பெல்ட், ஹோஸ், ஃபில்டர், ஹீட்டர் பிளக் வேலைகளுக்கு வேகமும் சிக்கனமும் ஆனவர். ஸ்கேனர் இல்லாமல் ‘பம்ப் போச்சு சார்’ என்று சத்தத்தைக் கேட்டே அவர் சொன்னால் மட்டும் நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். ஸ்கேனரில் பி0087 என்ற பிழைக் குறியீடு வருகிறது. எரிபொருள் ரெயிலில் அழுத்தம் குறைவு என்பது மட்டுமே அது சொல்லும் செய்தி. அடைத்துப்போன டீசல் ஃபில்டராலும் இது வரும், காற்று இழுக்கும் பைப்பாலும் வரும், தேய்ந்த பம்பாலும் வரும். முதலாவது சில நூறிலோ ஆயிரத்திலோ முடியும், கடைசியானது ஐந்திலக்கம். இன்ஜெக்டர் மீது சந்தேகம் என்றால் நான்கின் ரிட்டர்ன் பைப்புகளையும் கழற்றி நான்கு சிறு பாட்டில்களில் விட்டு, இன்ஜினைச் சில நிமிடம் ஐடிலில் ஓடவிடுவார்கள். மூன்று பாட்டிலில் ஒரே மட்டமும் ஒன்றில் இரண்டு மடங்கும் இருந்தால் குற்றவாளி அந்த ஒன்று. நான்கையும் மாற்றச் சொல்லும் எஸ்டிமேட்டைக் கையில் வாங்கும் முன் இந்தச் சோதனையைக் கண்ணால் பாருங்கள்.

புதியதா, ரீகானா, பழைய பாகமா?

இன்ஜெக்டருக்கும் டர்போவுக்கும் ரீகான் (பழுது நீக்கிப் புதுப்பித்த பாகம்) நல்ல நடுவழி. டெஸ்ட் ரிப்போர்ட்டும் ஆறு மாத உத்தரவாதமும் எழுத்தில் தந்தால் மட்டும். இன்ஜெக்டரை மாற்றினால் பல கார்களில் அதன் மேலுள்ள குறியீட்டை ஈசியூவில் (இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினியில்) பதிய வேண்டும், அந்த வசதி கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள். சென்னை புதுப்பேட்டையிலும் ஆந்திரத்து ஆட்டோ நகர்களிலும் கிடைக்கும் பழைய பாகங்களில் கதவு, பம்பர், ஆல்டர்னேட்டர் வாங்கலாம். டர்போவும் பம்பும் வாங்கக் கூடாது: எத்தனை தூரம் ஓடியது என்பதற்குச் சாட்சி இல்லை. புகையின் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆர் வால்வு பல சமயம் கரி படிந்து சிக்கியதுதான், கழற்றிச் சுத்தம் செய்தபின் முடிவெடுங்கள்.

டிபிஎஃப்பை வெட்டி எடுத்துவிட்டு ஈசியூவை ஏமாற்றும் வேலையைச் சிலர் மலிவாகச் செய்து தருவார்கள். வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் விவரத்தை மீறிய மாற்றத்தைத் தடுக்கிறது. வாரன்டியும் போகும், விவரம் தெரிந்தவர் வண்டியை வாங்கவும் மாட்டார்.

சாதாரண இன்ஷூரன்ஸ் இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது. மழை வெள்ளத்தில் இன்ஜினுக்குள் தண்ணீர் போனால்கூட ‘இன்ஜின் புரொடெக்ட்’ தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். தண்ணீரில் நின்ற வண்டியை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்.

சரிசெய்வதா, விற்பதா?

என் அளவுகோல் இது: எழுத்தில் வந்த எஸ்டிமேட் வண்டியின் இன்றைய விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்து, பாடியும் கியர்பாக்ஸும் நன்றாக இருந்தால் சரிசெய்யுங்கள். பாதியைத் தாண்டினால் விற்றுவிடுங்கள். இடைப்பட்டதற்கு 15 ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். அதற்குமேல் பதிவைப் புதுப்பிக்கத் தகுதிச் சோதனை வேண்டும். 2022 ஏப்ரலில் கார்களுக்கான பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாயாக உயர்ந்தது. எல்லை ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆந்திரப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டுக்காரருக்கு விற்றால் தடையின்மைச் சான்று, மறுபதிவு, வரி என்று வாங்குபவர் விலையைக் குறைப்பார். பதிவான மாநிலத்துக்குள்ளேயே விற்பது லாபம்.

பில் தராமல் ஏமாற்றினாலோ பழைய பாகத்தைத் திருப்பித் தர மறுத்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அந்த நிலை வராமலிருக்க மூன்று காரியம் செய்யுங்கள்: ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள், ஐந்திலக்கச் செலவு என்றால் இரண்டாவது இடத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள், கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். சோதனைக்குக் கொடுக்கும் ஆயிரம் ரூபாயில் பேரம் பேசாதவருக்குத்தான் டீசல் கார் கட்டுப்படியாகும்.