அரை மில்லிமீட்டர் வெள்ளை

வண்டியைப் பார்க்கப் போன அன்று கருநீல டி-ஷர்ட் போட்டிருந்தேன். பின்பக்கம் ஸ்டெப்னி டயருக்கு மேல் குனிந்து எதையோ பார்க்கும்போது தோள் உரசியது. நிமிர்ந்தால், திருநீறு அள்ளிப் பூசியது போலத் தோளெல்லாம் வெள்ளைப் பொடி. "என்னங்க, வாங்குறதுக்கு முன்னாடியே பூஜை ஆயிடுச்சா?" என்று மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். பக்கச் சுவர்கள் இரண்டும் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்ததால் அந்தப் பொடியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கங்கள் இப்படி மின்னும்போது பின்னால் மட்டும் ஏன் பொடி உதிர்கிறது என்று அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டிருந்தால், என் மூன்று வார இறுதிகளும் வலது தோள்பட்டையும் தப்பித்திருக்கும்.

வண்டி 2006-ம் வருடத்து காசீட்டா. 17 அடி நீளம். டாலஸுக்குத் தெற்கே, ரைஸ் என்ற சின்ன ஊரில் செய்தது. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் வீடு: கட்டில், அடுப்பு, குட்டிக் குளியலறை எல்லாம் உள்ளே. அமெரிக்காவில் ஓடும் பெரும்பாலான டிரெய்லர்கள் சட்டம் கட்டி, மேலே தகடோ பலகையோ அடித்துச் செய்தவை. எங்களுடையது முட்டை ஓடு போல அச்சில் வார்த்த ஃபைபர்கிளாஸ். மூட்டுகள் குறைவு என்பதால் ஒழுகலும் குறைவு. வாங்கியதே அதற்காகத்தான். இந்த முட்டை வண்டிகளின் முன்னோடிகளில் முக்கியமானது கனடாவின் வின்னிபெக் நகரில் 1968-ல் வந்த போலர். அதை உருவாக்கிய ரே ஒலெக்கோ அதற்கு முன்பு ஃபைபர்கிளாஸில் செய்துகொண்டிருந்தது செப்டிக் டேங்க். இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. இன்றுவரை எங்கள் வீட்டில் வண்டிக்கு அதுதான் பெயர்.

பின்பக்கத்துப் பொடிக்கு வருகிறேன். அச்சில் முதலில் தெளிப்பது ஜெல்கோட் என்ற, நிறம் கலந்த பாலியஸ்டர் பிசின். அதன்மேல் கண்ணாடி இழையும் பிசினுமாக அடுக்கி, இறுகியபின் அச்சிலிருந்து கழற்றுவார்கள். ஆக முதலில் போட்டதுதான் வெளித்தோல். அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்; விளிம்புகளில் இன்னும் குறைவு. வெயிலின் புற ஊதாக்கதிர் அந்தத் தோலின் மேல்பரப்பில் பிசினைச் சிதைக்கும்போது, பிடிப்பு விட்ட நிறமி சுண்ணாம்பாக வெளியே நிற்கிறது. என் தோளில் அப்பியது தூசி என்று நினைத்தேன். அது வண்டியேதான்.

பக்கச் சுவர் ஏன் மின்னியது என்பது முதல் கோடையில் தெரிந்தது. ஜூலை மாதம், நிழலிலேயே 40 டிகிரியைத் தொட்ட ஒரு வாரம். முன்முகம் லேசாக மஞ்சளித்தது. பிறகு ஸ்டிக்கர் ஓரங்களில் மீன் செதில் போல ஏதோ தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தால் நெருடினால் சுருள் சுருளாக உரிந்து வந்தது. விற்றவருக்குப் போன் செய்தேன். மனுஷர் எதையும் மறைக்கவில்லை, பெருமையாகவே சொன்னார்: தரைக்குப் போடும் பாலிஷ், ஐந்து கோட், ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டாராம். பின்பக்கமும் கூரையும் வருவதற்குள் பாட்டில் தீர்ந்துவிட்டதாம்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிகளின் வினைல் தரையை மினுக்குகிற அக்ரிலிக் திரவம் அது. டிரெய்லர்காரர்களிடம் பழைய வழக்கம். பூசியவுடன் புது வண்டி தோற்றுவிடும், பொய்யில்லை. வருடா வருடம் உரித்துவிட்டுப் புதிதாகப் பூசுகிறவர்கள் திருப்தியாகத்தான் இருக்கிறார்கள். உரிக்காமல் மேலே மேலே பூசிக்கொண்டே போனாலோ, பூசியதையே மறந்துவிட்டாலோ வருவதுதான் எனக்கு வந்தது.

உரித்த கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தரைப் பாலிஷை எடுக்க அம்மோனியா கலந்த திரவம் விற்கிறார்கள். அதைத் தண்ணீரில் கரைத்து, நிழலில், இரண்டடிக்கு இரண்டடிச் சதுரமாக நனைக்க வேண்டும். சில நிமிடம் ஊறினால் பளபளப்பு கலங்கி, ஆறிய கஞ்சியின் ஆடை மாதிரி சுருங்கும். அப்போது கீறாத வெள்ளை நார்ப்பட்டையால் தேய்த்து உடனே அலச வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் கஞ்சி காய்ந்து பழையபடி ஒட்டிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பக்கத்தில் பிளீச் பாட்டிலே இருக்கக் கூடாது, இரண்டும் கலந்தால் விஷவாயு. கூரைச் சன்னலின் பிளாஸ்டிக் மூடியை முதலிலேயே பாலிதீனால் மூடிவிட்டேன், அம்மோனியா பட்டால் அதில் முடி முடியாக விரிசல் விடும். மூன்றாவது வாரம் முடியும்போது வண்டி முழுக்க ஒரே நிறம்: பல் பொடி வெள்ளை. மினுக்கம் எங்கேயும் இல்லை. ஆனால் முதல்முறையாக வண்டி தன் சொந்த முகத்தோடு நின்றது.

இப்படி மங்கிய தோல் தேறுமா தேறாதா என்று பார்க்கத் தண்ணீர் போதும். ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். நனைந்த இடம் பளிச்சென்று ஆழமாகத் தெரிந்தால், தேய்த்தால் அந்த அழகு திரும்பும். நனைந்தும் திட்டுத் திட்டாக, உள்ளிருந்து வேறு நிறம் எட்டிப்பார்த்தால் ஜெல்கோட் தீர்ந்துவிட்டது, அதற்கப்புறம் பெயின்ட்தான். எங்களுடையது தேறுகிற ரகம்.

இங்கேதான் நான் அவசரப்பட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் முன்னாள் படகுக்காரர், எழுபதைத் தாண்டியவர். நல்ல யோசனை ஒன்றும் ஆபத்தான இயந்திரம் ஒன்றும் தந்தார். யோசனை இது: கார் சாமான் விற்கும் அலமாரிக்குப் போகாதே, படகு சாமான் விற்கிற இடத்துக்குப் போ. காரின் பெயின்டுக்கு மேலே கிளியர் கோட் என்ற தெளிந்த பூச்சு இருக்கிறது. படகுக்கும் நம் வண்டிக்கும் ஜெல்கோட்தான் தோல், அதற்கென்றே செய்த, தேய்த்து மினுக்கும் காம்பவுண்டும் மெழுகும் அங்கேதான் கிடைக்கும். இதற்கு அவருக்கு நான் ஆயுளுக்கும் கடன்பட்டவன். இயந்திரம், ஒரே அச்சில் வேகமாகச் சுற்றும் ரோட்டரி பஃபர். கம்பளிப் பஞ்சு மாட்டி, காம்பவுண்ட் தடவி வைத்தால் இருபது வருட வெயிலை இருபது விநாடியில் எடுக்கும். முதல் பகுதியில் மரத்தின் பிரதிபலிப்பு தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தது சக்கரத்தின் மேல் வளைவு. விளிம்பில் ஒரு கணம் கூடுதலாக நின்றுவிட்டேன். வெள்ளை போய், எட்டணாக் காசு அளவுக்குப் பழுப்பும் பச்சையுமாக உள்ளிருக்கும் இழை தெரிந்தது.

பாட்டி வீட்டுக் குத்துவிளக்கின் உச்சியில் ஒரு அன்னம் உண்டு. அந்த அன்னத்துக்கு மூக்கு கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் புளியும் சாம்பலும் போட்டு மூன்று தலைமுறை தேய்த்ததில் மூக்கு போய்விட்டது. விளக்கு என்னவோ பொன்னாக மின்னும். காம்பவுண்டும் அந்தப் புளிதான். பளபளப்பைக் கொடுப்பது போலத் தெரியும், உண்மையில் தோலை எடுக்கிறது. கையிலிருக்கும் மூலதனம் அரை மில்லிமீட்டர். காம்பவுண்ட் போடும் ஒவ்வொரு தடவையும் அந்த முதலில் கைவைக்கிறோம். மெழுகு போட்டுக் காப்பது வட்டியில் குடும்பம் நடத்துவது. வருடத்துக்கு இரண்டு தடவை மெழுகு போடச் சோம்பியவன் மூன்று வருடத்துக்கு ஒருமுறை காம்பவுண்டைத் தேடிப் போவான். அந்தக் கணக்கு ரொம்ப நாள் ஓடாது.

அதன்பிறகு ரோட்டரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுற்றிக்கொண்டே குலுங்கும் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் வாங்கினேன். வேலை மெதுவாக நடக்கும். ஆனால் ஒரு நொடி கவனம் தப்பினால் மன்னிக்கும். விளிம்பு, மூலை, ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். கண்ணில் படாத ஒரு மூலையில் ஆக மென்மையான காம்பவுண்டை முதலில் போட்டுப் பார்த்து, அது போதவில்லை என்றால் மட்டும் அடுத்த முரட்டு ரகம். பாதிச் சுவருக்கு மென்மையானதே போதுமானதாக இருந்தது. இன்னொன்று: இந்த வண்டிகளில் உள் அலமாரிகளைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் வெளிச்சுவரில் தலைநீட்டும், மேலே சட்டைப் பொத்தான் போல பிளாஸ்டிக் மூடி. பஞ்சு பட்டால் தெறித்துவிடும். நான் ஐந்தைத் தொலைத்த பிறகுதான் அவற்றைச் சுற்றிக் கையால் தேய்க்க ஆரம்பித்தேன்.

மெழுகில் ஆளுக்கொரு கட்சி. எனக்குப் பிடித்தது கார்னௌபா கலந்த, படகுக்கான கெட்டி மெழுகு. பிரேசிலின் வடகிழக்கில், மழை பொய்க்கிற பூமியில் வளரும் ஒரு பனை, தன் ஓலையின் ஈரம் போகாமலிருக்க ஓலை மேல் தானே சுரந்துகொள்ளும் மெழுகு அது. 82 டிகிரி தாண்டினால்தான் உருகும். வெயிலுக்குத் தப்பிக்கப் பனை கண்டுபிடித்ததை டெக்சஸில் நான் உபயோகிப்பதில் ஒரு நியாயம் இருப்பதாகத் தோன்றும். செயற்கை பாலிமர் சீலண்ட் இதைவிட நாள் தாங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். செராமிக் கோட்டிங் அதற்கும் மேல். மதுரைக்கார நண்பர் ஒருவர் தன் வண்டிக்குப் போட்டிருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடியில் கீறலோ கறையோ இருந்தால் அதையும் சேர்த்து மூடி வைத்துவிடும், லேசில் எடுக்கவும் முடியாது. என் கைவேலையை அவ்வளவு காலம் பாதுகாத்து வைக்க எனக்குத் தைரியமில்லை.

பூசுகிற அளவுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தப்பு செய்கிற இடம். இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுகிறோமே, அவ்வளவுதான். அள்ளி அப்பினால் சுவருக்குள் போகாது, துடைக்கிற துணிக்குத்தான் போகும். சுவர் கையால் தொட்டுப் பார்த்தால் குளிர்ந்திருக்க வேண்டும். இங்கே மே முதல் செப்டம்பர் வரை அதற்குக் காலை ஆறு முதல் எட்டரை வரைதான் நேரம். சூட்டில் பூசிய மெழுகு உடனே காய்ந்து, துடைத்தாலும் வராமல் வரி வரியாக நிற்கும். இரண்டடிச் சதுரம் பூசி, மூடுபனி போல் வெளுத்ததும் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், இழுபட்டால் காத்திருக்கலாம். மைக்ரோஃபைபர் துணியை நாலாக மடித்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் துடைக்க வேண்டும். கீழே விழுந்த துணி அன்றைக்கு ஓய்வு. ஒரே ஒரு மணல் போதும், சுவர் முழுக்க வட்ட வட்டமாகக் கோலம் போட்டுவிடும்.

கூரையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், கண்ணுக்குத் தெரியாதே. வெயில் முழுசாக விழுவது அங்கேதான். அங்கே கிளம்பும் சுண்ணாம்பும் தூசியும்தான் ஒவ்வொரு மழைக்கும் சன்னலோரமாகக் கருப்புக் கோடாக இறங்கி, பக்கச் சுவரைக் கெடுக்கின்றன. ஏணியின் தலையில் நீச்சல்குளத்து நுரைக் குழாயைக் கட்டிச் சாய்த்து, கைக்கு எட்டும் வரை மெழுகிடுவேன். ஏறி நிற்பதில்லை. எனக்கு உயரம் ஆகாது.

மற்றவை சில்லறை. சாதாரண நாட்களில் கார் ஷாம்பூ. பாத்திரம் தேய்க்கும் சோப்பு மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும், அதனால் புது மெழுகு போடப்போகும் அன்று மட்டும். சோப்பைக் கீழிருந்து மேலே போட்டு, தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் அழுக்கு கோடாக இறங்கி ஒட்டாது. டாலஸ் பக்கத்துத் தண்ணீரில் உப்பு அதிகம், தானாக உலர விட்டால் புள்ளி புள்ளியாக நிற்கும். உடனே ஒற்றி எடுக்க வேண்டும். கறையெல்லாம் அழிக்கும் என்று விற்கிற வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்ச் உண்மையில் மிக நைசான உப்புத்தாள், பக்கத்தில் சேர்க்காதீர்கள். கருப்பு பிளாஸ்டிக்கில் மெழுகு பட்டு வெளுத்துவிட்டால் கொஞ்சம் வேர்க்கடலை வெண்ணெய் தொட்டுத் தேய்த்துத் துடைத்தால் போகும். நான் நம்பவில்லை, போய்விட்டது. உறை போட்டு மூடுகிறவர்கள் இறுக்கிக் கட்டுங்கள். காற்றில் படபடக்கும் துணியும் ஒரு காம்பவுண்டுதான்.

பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு ஒரு வசந்தத்தில் போய்த் திரும்பியபோது முன்முகம் முழுக்கப் பூச்சிகள். முந்தைய வருடமாக இருந்தால் சுரண்டியிருப்பேன். ஈரத் துண்டை விரித்துப் பத்து நிமிடம் சுவரில் ஒட்டவைத்தேன், துண்டோடு வந்துவிட்டன. மெழுகு போட்டதன் பலனைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். மின்னுவது அதற்கப்புறம்.

சக்கர வளைவின் அந்த எட்டணா ஓட்டையையும் மூடினேன். சின்ன டப்பாவில் ஜெல்கோட் பசை விற்கிறார்கள். கெட்டியாக்கும் சொட்டு கலந்து பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிக் காற்றை அடைக்க வேண்டும், இல்லையென்றால் மேல்புறம் பிசுபிசுப்பாகவே நிற்கும். மறுநாள் தாளை உரித்து, தண்ணீர் உப்புத்தாளில் சமன் செய்து, மினுக்கி, மெழுகும் போட்டாயிற்று. கைக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும். டப்பாவில் வந்தது நேற்றைய வெள்ளை, வண்டியில் இருப்பது இருபது வருட வெயில் குடித்த வெள்ளை. மூன்று தடவை கலந்து பார்த்தும் ஒத்துப்போகவில்லை.

"விடுங்க, திருஷ்டிப் பொட்டா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் மனைவி. ஒவ்வொரு மார்ச்சிலும் அக்டோபரிலும் மெழுகுத் துணி அந்த இடத்துக்கு வரும்போது கை தானாக மெதுவாகிவிடுகிறது.